போர்ட்டும்னா வொர்க்ஹவுஸ் மியூசியம்: நிகழ்ச்சி நாள் பார்த்துப் போங்கள்

அயர்லாந்தில் மகனோ மகளோ வேலை பார்க்கும் சேலத்து வீடுகளில் கோடைப் பயணம் என்றால் டப்ளின், மோஹர் பாறைகள், கால்வே கடைத்தெரு என்று வரிசை மாறாது. அதில் ஒரு நாளைக் கழித்து, கால்வே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் போர்ட்டும்னாவுக்குக் கொடுக்கலாம். அங்கே செயிண்ட் பிரிஜிட்ஸ் ரோட்டில் இருக்கிறது ஐரிஷ் வொர்க்ஹவுஸ் சென்டர். 1852-ல் ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கத் திறந்த கூடம், 2011 முதல் மியூசியமாக நடக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: நிகழ்ச்சி இருக்கும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும். சும்மா நாளில் போனால் பழைய கட்டடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம். நிகழ்ச்சி நாளில் போனால்தான், பெயரைச் சொல்லவே ஊர் கூசிய இடத்தில் அதே ஊர் இன்று என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது தெரியும். டிக்கெட் காசுக்கு மதிப்பு அங்கேதான்.

பின்னணி தெரியாமல் போனால் எல்லாம் வெறும் சுவராகத் தெரியும், அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். 1838-ல் வந்த ஏழைகள் சட்டத்தின்படி அயர்லாந்து முழுவதையும் 130 வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு வொர்க்ஹவுஸ் கட்டினார்கள். ஜார்ஜ் வில்கின்சன் என்ற ஒரே கட்டடக் கலைஞர்தான் வரைபடம் போட்டார். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்து பஞ்சம் வந்த பிறகு இடம் போதாமல் மேலும் 33 கட்ட வேண்டி வந்தது, மொத்தம் 163. போர்ட்டும்னா அந்தப் பின்வரிசையைச் சேர்ந்தது, 600 பேருக்கு என்று கணக்கிட்டுக் கட்டியது. 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்துக்கு மேல் இருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை 1851-ல் சுமார் 65 லட்சம். அந்தப் பத்தாண்டில் வொர்க்ஹவுஸ்களுக்குள்ளே மட்டும் இறந்தவர்கள் 2 லட்சத்துக்கும் அதிகம்.

உள்ளே வந்தால் சாப்பாடு உண்டு, ஆனால் வர யாருக்கும் மனசு வரக்கூடாது, இதுதான் திட்டமே. வாசலிலேயே குடும்பத்தைப் பிரிப்பார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பையன்கள் வேறு, பெண் பிள்ளைகள் வேறு. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தை மட்டும் தாயோடு இருக்கலாம். உடுத்தி வந்த துணியைக் கழற்றி வாங்கிவிட்டு சீருடை கொடுப்பார்கள். ஆண்களுக்குக் கல் உடைக்கும் வேலை, பெண்களுக்குச் சலவையும் தையலும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். போர்ட்டும்னா திறந்தபோது பஞ்சத்தின் கொடுமையான ஆண்டுகள் முடிந்துவிட்டன. கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்த கறுப்பு 1847-ஐத் தேடி வருபவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. அதற்கு ரோஸ்காமன் மாவட்டத்து ஸ்ட்ரோக்ஸ்டவுனில் இருக்கும் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் போக வேண்டும். போர்ட்டும்னா காட்டுவது பஞ்சத்தை அல்ல, பஞ்சத்துக்குப் பிறகும் 1920-கள் வரை ஓடிய ஒரு நிர்வாக இயந்திரத்தை. இந்த வித்தியாசம் புரியாமல் போய்விட்டு "பெரிசா ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, எதிர்பார்ப்பு தப்பு.

முதலில் ஒரு குறும்படம் காட்டி, பிறகு வழிகாட்டியோடு கட்டடம் கட்டடமாக நடத்திக் கூட்டிப்போகிறார்கள். இந்தச் சுற்று நிதானமாகத்தான் போகும். கேள்வி கேட்கும் கூட்டமாக இருந்தால் இன்னும் நீளும். அறைகளை நிரப்பாமல் விட்டதுதான் இவர்கள் செய்த புத்திசாலித்தனம். மெழுகு பொம்மை வரிசை, புகை, அழுகுரல் ஒலிநாடா என்று எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. சுவரில் பூச்சு கிடையாது; கல்லின் மேலேயே சுண்ணாம்பு. பொங்கலுக்குப் பொங்கல் நம் வீடுகளில் அடித்தது போலத்தான், அடுக்கு மேல் அடுக்கு. பூச்சு வைக்காததற்குக் காரணம் செலவு. சுண்ணாம்பு அடித்ததற்குக் காரணம் கிருமி. ஓரங்களில் அந்த அடுக்குகள் பொருக்குப் பொருக்காகக் கிளம்பி நிற்பதை நின்று பாருங்கள். மேலே கூரைக்கு உள்தளம் இல்லை, உத்தரமும் சட்டமும் அப்படியே தெரியும்.

படுக்கைக் கூடம்தான் முக்கியம். வில்கின்சனின் வடிவமைப்பில் கட்டில் கிடையாது. நடுவில் தாழ்வாக ஒரு நடைபாதை. இரு பக்கமும் அதைவிடக் கொஞ்சம் உயர்ந்த மேடை. மேடை மேல் வைக்கோல் மெத்தையை நேராகப் போட்டுப் படுக்க வேண்டியது. கட்டில் வைத்தால் இத்தனை அடிக்கு இத்தனை பேர் என்று எல்லை வந்துவிடும். மேடைக்கு எல்லை இல்லை, நெருக்கி நெருக்கிப் படுக்க வைத்துக்கொண்டே போகலாம். பஞ்ச ஆண்டுகளில் மற்ற வொர்க்ஹவுஸ்களில் கூட்டம் பெருகியபோது நோய் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நடைபாதையில் நின்றுகொண்டு மேடையின் அகலத்தைக் கண்ணால் அளந்து, எத்தனை பேர் படுக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பாருங்கள். பலகையில் எழுதியிருப்பதைப் படிப்பதைவிட அது நன்றாகப் புரியும்.

இனி நிகழ்ச்சிகள். அயர்லாந்தில் பாரம்பரிய இடங்களுக்கு ஆண்டில் மூன்று முக்கியமான காலம் உண்டு. மே மாதத்து மூன்றாம் ஞாயிறு தேசியப் பஞ்ச நினைவு நாள். அரசு விழா ஏதாவது ஓர் ஊரில் நடக்கும், மற்ற ஊர்களில் சின்ன அளவில் நடக்கும். ஆகஸ்ட் நடுவில் ஹெரிட்டேஜ் வீக், சனிக்கிழமை தொடங்கி அடுத்த வார ஞாயிறு வரை 9 நாள், பெரும்பாலான நிகழ்ச்சிகள் இலவசம். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கல்ச்சர் நைட். 2006-ல் டப்ளினில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிவிட்டது, அதுவும் இலவசம். ஹெரிட்டேஜ் வீக் வரும்போது நமக்கு ஆடி முடிந்து ஆவணி பிறந்திருக்கும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை விட்டுவிட்டு விமானம் ஏற மனசு வராதவர்களும் திருவிழா முடித்துக் கிளம்பினால் பிடித்துவிடலாம். எங்கள் சிபாரிசு ஹெரிட்டேஜ் வீக்தான். கல்ச்சர் நைட்டில் இசையும் கூட்டமும் நன்றாக இருக்கும், ஆனால் இருட்டிய பிறகு கட்டடத்தை நிதானமாகப் பார்க்க முடியாது.

நிகழ்ச்சி நாளில் என்ன நடக்கும்? உள்ளூர் வரலாறு தெரிந்தவர்களின் பேச்சு, கைவேலைப் பயிற்சி, கண்காட்சித் திறப்பு, குடும்ப வேர் தேடுபவர்களின் மேஜை. கடைசியில் சொன்னதைத் தவற விடாதீர்கள். வொர்க்ஹவுஸ்களை நடத்திய கார்டியன் போர்டுகள் எழுதி வைத்த கூட்டக் குறிப்புப் புத்தகங்கள் பல மாவட்டங்களில் பிழைத்திருக்கின்றன. வாரா வாரம் எத்தனை பேர் உள்ளே, எத்தனை பேர் ஆஸ்பத்திரியில், எவ்வளவு மாவு வாங்கினார்கள், எவ்வளவு பால் கெட்டுப்போனது என்று எல்லாம் அதில் இருக்கும். தாத்தாவின் தாத்தா பெயரோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால், ஊர்ப் பெயர், வட்டாரம், ஆண்டு என்ற மூன்றையும் வைத்து எந்தப் புத்தகத்தில் தேட வேண்டும் என்று சொல்கிறார்கள். பார்வையாளர் பதிவேட்டில் ஊர் எழுதிவிட்டுப் போவதோடு முடிகிற மியூசியத்துக்கும், வந்தவர்களே தகவல் கொண்டுவந்து சேர்க்கிற மியூசியத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த மேஜையில்தான்.

கலைக்கு வருவோம். வொர்க்ஹவுஸ் போன்ற கட்டடத்தில் எதை வைத்தால் நிற்கும், எது நிற்காது என்பது ரசனை மட்டும் சம்பந்தப்பட்டதல்ல, ஈரமும் சம்பந்தப்பட்டது. வெப்பமூட்டாத கல் கட்டடம், ஷானன் ஆற்றங்கரை ஊர், மழை நாடு. காகிதத்தில் வரைந்த படம் சில வாரத்தில் அலை அலையாக நெளிந்துவிடும். கண்ணாடி காகிதத்தைத் தொட்டபடி சட்டம் போட்டிருந்தால் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். கம்பளியோ தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். அதனால் இந்த மாதிரி இடங்களில் கம்பளிப் படைப்பு, தையல், மரம், இரும்பு ஆகியவை எடுபடும்; வாட்டர்கலரும் போட்டோ பிரிண்டும் சோர்ந்து தொங்கும். ஏற்காட்டில் பழைய எஸ்டேட் பங்களா சுவரில் படம் மாட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மழைக்கால மூடுபனியில் அங்கும் இதே கதைதான். சட்டத்தின் பின்னால் கீழ் மூலை இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் சட்டத்துக்கும் 5 மில்லிமீட்டராவது காற்று போக விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், அதன் பசை பழுப்பாகிக் காகிதத்தில் இறங்கிவிடும்.

சுவரில் மாட்டுவதும் தலைவலி. கல்லில் ஆணி இறங்காது; கல் இடுக்கில் இருக்கும் சுண்ணாம்புச் சாந்தில் இறங்கும், ஆனால் பொடியாக உதிர்ந்து படத்தோடு கீழே வரும். பழைய கட்டடம் என்பதால் ஆணி அடிக்க யோசிக்கவும் வேண்டும். உத்தரத்திலிருந்து கம்பி கட்டித் தொங்கவிடுவது அல்லது தரையில் தனியாக நிற்கும் சட்டம் வைப்பது, இரண்டே வழி. தொங்கவிட்டதுதான் கண்ணுக்கு நன்றாக இருக்கும். சன்னல் சின்னது, வெளிச்சம் ஒரு பக்கமாக வரும், காற்றில் துணி லேசாக அசையும். காலியான கூடத்துக்கு அது பொருந்திப் போகிறது. அதே கூடத்தில் பளிச்சென்று விளக்கு போட்டுப் பெரிய அச்சுப் பலகை நிறுத்தினால் வங்கிக் கிளை மாதிரி ஆகிவிடும்.

ஐரிஷ் பஞ்சக் கலையில் எங்களுக்குப் பிடித்தது அயர்லாந்திலேயே இல்லை. சிட்னியில் ஹைட் பார்க் பாரக்ஸ் கட்டடத்தில் 1999-ல் திறந்த நினைவுச் சின்னம். மதில் சுவரைத் துளைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீளும் ஒரு மேஜை, அதில் ஒரு கிண்ணம், பக்கத்தில் கண்ணாடியில் மங்கிக்கொண்டே போகும் பெயர்கள். 1848 முதல் 1850 வரை அயர்லாந்து வொர்க்ஹவுஸ்களிலிருந்து 4,000-க்கும் மேற்பட்ட பெற்றோரில்லாப் பெண்களை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள், அவர்களுக்காக வைத்தது. ஆளுக்கு ஒரு மரப்பெட்டி. அதில் உள்சட்டை 6, ஃபிளானல் பாவாடை 2, காலுறை 6 ஜோடி, செருப்பு 2 ஜோடி, கவுன் 2, அதில் ஒன்று குளிருக்குத் தாங்குகிற துணி. போர்ட்டும்னா திறக்கும் முன்பே இந்தத் திட்டம் முடிந்துவிட்டது. ஆனாலும் அதைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள். வொர்க்ஹவுஸ் பெண் பிள்ளைகளுக்குத் தையல் ஏன் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதிலிருந்து பேச்சு நல்ல பக்கம் திரும்பும்.

டப்ளினில் கஸ்டம் ஹவுஸ் கரையோரம் 1997-ல் ரோவன் கில்லெஸ்பி வைத்த வெண்கலச் சிலைகளைப் பார்த்துவிட்டுப் போர்ட்டும்னாவுக்கு வருபவர்கள் அதே மாதிரி உருக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். அந்தச் சிலைகள் நம்மைப் பிடித்து நிறுத்தும். இங்கே நாமாகத்தான் நிற்க வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுவோம். முதலாவது குளிர். கோடையிலும் உள்ளே சில்லென்றுதான் இருக்கும். ஸ்வெட்டரைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரண்டாவது தரை. முற்றம் சமமில்லை, மாடிக்குப் படியேற வேண்டும். முட்டி வலி உள்ள அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் முன்கூட்டியே போன் போட்டு எந்தப் பகுதி வரை படி ஏறாமல் பார்க்கலாம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. மூன்றாவது பேச்சு. எல்லாம் ஆங்கிலம், அதுவும் கால்வே உச்சரிப்பில். வேகமாகப் போனால் இங்கிருந்து போன பெரியவர்களுக்குப் பிடிபடாது. கூட இருக்கும் பிள்ளைகள் மொழிபெயர்த்துச் சொல்ல நேரம் வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் வழிகாட்டி நிறுத்தி நிறுத்திப் போவார். நான்காவது, கண்காட்சிப் படைப்புகளுக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்கக் குறிப்புகள் சில சமயம் படைப்பைவிட நீளம். இது போர்ட்டும்னாவின் குறை மட்டுமல்ல, உலகம் பூராவும் உள்ள வியாதி.

போவது எப்படி? இங்கிருந்து பெங்களூரு அல்லது சென்னை போய், வளைகுடா வழியாக டப்ளின். அயர்லாந்து ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா ஏற்பாட்டில் கிடையாது. ஷெங்கன் விசா வைத்துக்கொண்டு டப்ளினில் இறங்க முடியாது, தனி விசா வேண்டும். இங்கிலாந்தும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு இந்தியர்களுக்கென்று பிரிட்டிஷ்-ஐரிஷ் கூட்டு விசா ஏற்பாடு இருக்கிறது. விசாவில் அந்த முத்திரை இருக்கிறதா என்று சரிபார்க்காமல் கிளம்பக்கூடாது. டப்ளினிலிருந்து போர்ட்டும்னாவுக்குக் காரில் 2 முதல் 2½ மணி நேரம். ரயில் இந்த ஊருக்கு வராது, பஸ் குறைவு. கார் இல்லாமல் போனால் ஒரு நாள் முழுக்கப் பயணத்திலேயே போய்விடும். நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அந்தச் சிரமம் இல்லை. திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், சுற்று குறிப்பிட்ட நேரத்தில்தான் கிளம்பும், நிகழ்ச்சிகளுக்கு இடம் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும். கடைசிச் சுற்று எத்தனை மணிக்கு என்று கேட்காமல் மாலை போய் நிற்பவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள்.

சைவக்காரர்களுக்கு: சின்ன ஊர், பெரிய தேர்வு இருக்காது. சூப்பும் பிரவுன் பிரெட்டும் எங்கும் கிடைக்கும், ஆனால் காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒரு டப்பா புளியோதரை இருந்தால் போர்ட்டும்னா வனப் பூங்காவில் ஏரியைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடலாம். பக்கத்திலேயே 17-ஆம் நூற்றாண்டுக் கோட்டை மாளிகையும் இருக்கிறது, ஒரு மணி நேரம் போதும்.

லீஷ் மாவட்டத்தில் டோனமோரில் ஒரு வொர்க்ஹவுஸ் மியூசியம் உண்டு; பிற்பாடு பால் கூட்டுறவுச் சங்கமாக இருந்த கட்டடம். விவசாயக் கருவிகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது பிடிக்கும். இதே பெயரில் அயர்லாந்தில் வேறு ஊர்களும் இருப்பதால் மேப்பில் மாவட்டப் பெயரோடு தேடுங்கள், இல்லாவிட்டால் தீவின் மறு கோடிக்குப் போய் நிற்பீர்கள்.

நம் ஊர்க்காரர் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பஞ்ச காலத்தில் லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து அயர்லாந்து நிவாரணத்தைக் கையில் இறுக்கிப் பிடித்த சார்லஸ் டிரெவெல்யன், 1859-ல் மெட்ராஸ் கவர்னராக வந்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது என்று 1847 சட்டத்தில் விதி சேர்க்க வைத்த வில்லியம் கிரிகரி, இதே கால்வே மாவட்டத்துக்காரர்; அவருடைய கூல் பார்க் எஸ்டேட் போர்ட்டும்னாவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கிறது. அவர்தான் 1872 முதல் 1877 வரை சிலோன் கவர்னர். கொழும்பு மியூசியத்தைத் தொடங்கியவர், அதன் முன்னால் இன்றும் சிலையாக நிற்கிறார். அவர் அந்த நாற்காலியில் இருந்த காலத்தில்தான் தாது வருஷப் பஞ்சம் (1876–78) விழுந்து, நம் பக்கத்து ஜனங்கள் சிலோன் காப்பித் தோட்டங்களுக்குக் கடல் தாண்டிப் போனார்கள்.

இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்ந்த அன்றைய சேலம் ஜில்லாவில் 1871-ல் சுமார் 19.6 லட்சம் பேர். 1881-ல் சுமார் 16 லட்சம். வட்டமாகப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அயர்லாந்தின் 1841–51 வீழ்ச்சியோடு சமமாக நிற்கிற கணக்கு. 1877-ல் வைஸ்ராய் அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்காரருக்கு நாள் ஒன்றுக்கு 1 பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்தார். மெட்ராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ் அது உழைக்கிற உடம்புக்குப் போதாது என்று எதிர்த்து எழுதினார். இவ்வளவு நடந்தும் போய்ப் பார்க்க நம்மிடம் ஒரு போர்ட்டும்னா இல்லை. காரணம் எளிது: அங்கே கல்லில் கட்டினார்கள், இங்கே கஞ்சித் தொட்டிகள் கீற்றுக் கொட்டகையில் நடந்தன. கொட்டகை நிற்குமா? அப்பாரும் அம்மாயியும் சொன்ன கதைகளும் பஞ்சக் கும்மிகளும்தான் மிச்சம்.

அதனால் போர்ட்டும்னாவிலிருந்து சேலத்துக்குக் கொண்டுவரக் கட்டடம் தேவையில்லை, மேஜை போதும். ஆடியில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிற ஊர் இது. ஆள், அண்டா, அனுபவம் மூன்றும் தயார். பஞ்சத்தை நினைவுகூரும் ஒரு நாள் நிகழ்ச்சிக்கான அளவைத் தருகிறோம்.

முதல் மேஜையில் தராசு. ஒரு தட்டில் 200 கிராம் ஓட்ஸ் மாவும் 1.6 கிலோ உருளைக்கிழங்கும்: பஞ்சத்துக்கு முன்பு வொர்க்ஹவுஸில் உழைக்கக்கூடிய ஆணுக்கு ஒரு நாள் காலைக் கஞ்சியும் மதியச் சாப்பாடும், கூடக் கொஞ்சம் பால். பார்த்ததும் "இவ்வளவா!" என்பார்கள். வெளியே உழைத்த ஐரிஷ்காரன் நாளுக்கு 5 கிலோவுக்கு மேலும் கிழங்கு தின்றான், கூட மோர் தவிரப் பெரிதாக வேறு சாப்பாடு கிடையாது என்று பக்கத்தில் எழுதி வைத்தால் அடங்கிவிடும். இன்னொரு தட்டில் டெம்பிள் கூலி: 450 கிராம் அரிசி. அதைத் தட்டில் வைக்காமல் முறத்தில் பரப்பினால் குறைவு இன்னும் நன்றாகத் தெரியும். மூன்றாவதாக ஒரு படி மக்காச்சோளம். 1845 இறுதியில் பிரிட்டிஷ் பிரதமர் பீலின் அரசாங்கம் அமெரிக்காவிலிருந்து வாங்கி, அடுத்த ஆண்டு அயர்லாந்தில் இறக்கியது இதைத்தான். கல் மாதிரி காய்ந்த மணி, ஐரிஷ் ஆலைகளில் சரியாக அரைபடவில்லை. கொரகொர மாவை அரைவேக்காட்டில் குடித்தவர்களுக்கு வயிறு கெட்டது. கோழித் தீவனத்துக்கும் ஸ்டார்ச்சுக்கும் மக்காச்சோளம் அரைக்கும் நம் ஆலைக்காரர் ஒருவரை மேஜையில் உட்கார வைத்தால், ஏன் அப்படி ஆனது என்று கையில் எடுத்துக் காட்டியே விளக்குவார்.

இரண்டாவது மேஜையில் கூழ். 100 பேருக்கு ஆளுக்கு 200 மில்லி என்றால் 20 லிட்டர். கேழ்வரகு மாவு 2 கிலோ, அரிசி நொய் 600 கிராம், தண்ணீர் 14 லிட்டர், மோர் 5 லிட்டர், கல் உப்பு, 2 கிலோ சின்ன வெங்காயம். முதல் நாள் இரவே மாவை 4 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைக்க வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் 8 மணி நேரத்தில் புளித்துவிடும், ஏற்காட்டில் 14 மணி நேரமாவது ஆகும். சேலத்தில் 14 மணி நேரம் விட்டால் வாயில் வைக்க முடியாது. காலையில் மிச்சத் தண்ணீரில் நொய்யைக் குழைய வேகவைத்து, தீயைக் குறைத்து, புளித்த கரைசலை அடியிலிருந்து கலக்கி ஊற்றி, துடுப்பால் 20 முதல் 25 நிமிடம் கை விடாமல் கிண்ட வேண்டும். நனைத்த கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். அடியில் தங்கிய மாவைக் கலக்காமல் ஊற்றினால் கட்டி விழும். பெருந்தீயில் வைத்தால் அடிப்பிடித்து அண்டா முழுக்கத் தீய்ந்த வாடை. சூட்டோடு மோரை ஊற்றினால் திரிந்துவிடும்; ஆறிய பிறகு ஊற்றுங்கள். வெங்காயத்தைப் பரிமாறும்போது தனியாகக் கொடுங்கள்.

மூன்றாவது மேஜைக்கு விசைத்தறிக் கூடங்களில் கிடைக்கும் கழிவு நூலும் முழம் துணியும். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்களின் பதிவேடுகளில் ஊர், தாலுகா, ஜில்லா எழுதியிருக்கும். தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பட்டியலில் சேலம் ஜில்லாக்காரர்களும் உண்டு. வந்தவர்கள் ஆளுக்கு ஓர் ஊர்ப் பெயரைத் தைக்கட்டும். துண்டு ஒரு சாண் சதுரம், எழுத்து விரல் உயரம், சங்கிலித் தையல். முன் அனுபவம் இல்லாதவருக்கும் ஒரு மணி நேரத்தில் ஒரு பெயர் முடியும். எழுத்தைச் சாக்பீஸில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், பால்பாயிண்ட் பேனா வியர்வையில் ஊறிவிடும். நுண்ணூலைத் தவிர்த்து 20-ஆம் நம்பருக்குக் கீழான தடித்த நூலாக எடுத்தால் தொங்கவிட்ட பிறகு தூரத்திலிருந்து படிக்க முடியும். மின்விசிறிக்கு நேர் கீழே தொங்கவிட வேண்டாம். துணி சுருண்டு, ஊர்ப் பெயர் ஒன்றும் தெரியாது.

நேரம் காலை 7 முதல் 10 வரை. அதற்குப் பிறகு வெயிலில் கூழ் தொடர்ந்து புளித்துக்கொண்டே இருக்கும், கூட்டமும் நிழல் தேடிப் போய்விடும்.